வாங்குபவரின் மனத்தை எப்படி அறிவது? சந்தை ஆய்வு முறைகளும் கிராமத்தில் அவற்றின் எல்லைகளும்

ஒரு பொருளை யார் வாங்குவார், ஏன் வாங்குவார், என்ன விலை கொடுப்பார் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா? விற்பவர் எல்லோருக்கும் உள்ள கேள்வி இது. இதற்கு முறையாக விடை தேடும் துறையாகச் சந்தை ஆய்வு உருவாகி நூறாண்டுக்குச் சற்று மேல் ஆகிறது. அமெரிக்காவின் கர்ட்டிஸ் பதிப்பகம் சார்ல்ஸ் கூலிட்ஜ் பார்லின் என்பவரை 1911இல் வணிக ஆய்வுக்கென்றே பணியில் அமர்த்தியதைப் பலர் அதன் தொடக்கமாகக் கொள்கின்றனர். அன்றிலிருந்து இன்றுவரை வந்த விடைகளை நான்கு நிலைப்பாடுகளாகத் தொகுக்கலாம்: மக்களைக் கேட்டால் தெரியும் என்பது ஒன்று, கேட்டாலும் சொல்லாததைத் தோண்டி எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது, சொல்வதை விட்டுச் செய்வதைப் பார்க்க வேண்டும் என்பது மூன்றாவது, அவர்களோடு சேர்ந்தே கண்டறிய வேண்டும் என்பது நான்காவது.

இவற்றுள் முதல் மூன்றும் பெரும்பாலும் நகரங்களில் பிறந்தவை. புதுச்சேரியின் கிராமப்புறத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள செல்லிப்பட்டு போன்ற ஓர் ஊருக்கு வரும்போது ஒவ்வொன்றும் புதிதாகச் சோதிக்கப்படுகிறது. அங்குள்ளவர் ஊர்ப் பெட்டிக்கடையிலும் வாங்குவார், வில்லியனூரிலும் புதுச்சேரி நகரத்திலும் வாங்குவார். விவசாயமும் ஆலை வேலையும் ஒரே குடும்பத்துக்குள் இருக்கலாம். தமிழ்நாட்டு எல்லையும் தொலைவில் இல்லை. இத்தகைய ஊரின் 'நுகர்வோர்' யார் என்று வரையறுப்பதே ஆய்வின் முதல் சிக்கல். நான்கு நிலைப்பாடுகளும் எங்கிருந்து வந்தன, எங்கே வலுவாக நிற்கின்றன, எங்கே தளர்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அடிப்படைப் பாகுபாடுகள்

பாடநூல்கள் சந்தை ஆய்வை மூன்றாகப் பிரிக்கின்றன. சிக்கல் இன்னதென்றே தெளியாதபோது செய்வது துழாவும் ஆய்வு. எத்தனை பேர், எவ்வளவு, எவ்வப்போது என்று அளப்பது விவரிப்பு ஆய்வு. விலையைக் குறைத்ததால்தான் விற்பனை கூடியதா என்று சோதிப்பது காரணகாரிய ஆய்வு. தரவும் இருவகை: இக்கேள்விக்காகவே திரட்டுவது முதல்நிலைத் தரவு, வேறு நோக்கத்துக்காக முன்பே திரட்டப்பட்டது இரண்டாம் நிலைத் தரவு.

எந்த அளவீட்டையும் இரண்டு கேள்விகள் கொண்டு மதிப்பிடுகிறார்கள். மறுபடி அளந்தால் அதே விடை வருமா என்பது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்பது ஏற்புடைமை. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம். ஒரே தவறான விடையை ஆயிரம் முறை மாறாமல் தரும் கேள்விகளும் உண்டு. கிராமப்புற ஆய்வின் குறைகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்றே தோன்றுகிறது.

முதல் நிலைப்பாடு: கேட்டால் தெரியும்

சிலரைக் கேட்டு எல்லோரையும் பற்றிச் சொல்ல முடியும் என்பதே மாதிரி ஆய்வின் அடிப்படை. அதற்கு எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை 1936ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தல் காட்டியது. 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லேண்டன் வெல்வார் என்று கணித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46இல் வென்றார். மிகச் சிறிய மாதிரியை வைத்த ஜார்ஜ் காலப் சரியாகக் கணித்தார். இதழ் பெயர்களை எடுத்தது தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து. அனுப்பப்பட்டவர்களிலும் பதில் எழுத முனைந்தவர்கள் ஒருசாராரே. ஆனால் காலப் பயன்படுத்திய ஒதுக்கீட்டு முறையும் 1948இல் தவறியது. அதன்பின் தற்செயல் தேர்வுக்கு மதிப்பு உயர்ந்தது.

இந்தியாவில் இந்த மரபுக்கு ஆழமான வேர் உண்டு. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். வங்கத்தின் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி முறையில் மதிப்பிட்டார். 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கக் காரணமானார். ஒரே பகுதியில் இரண்டு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளுடன் அனுப்பி விடைகளை ஒப்பிடும் முறையை அவர் வலியுறுத்தினார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு களத்தில் நேர்ந்த பிழையைக் காட்டிக்கொடுக்கும். மாதிரிப் பிழையைச் சூத்திரம் சொல்லிவிடும். கேட்பவரால் வரும் பிழையை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

சூத்திரம் சொல்வது இதுதான்: தற்செயலாகத் தேர்ந்த 400 பேரின் விடையில், 95 விழுக்காடு உறுதியுடன், பிழை ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் புள்ளிக்குள் அடங்கும். அதைப் பாதியாக்க 1,600 பேர் வேண்டும். மக்கள்தொகை மிகப் பெரிதாக இருந்தால் இந்த எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் இதே நம்பிக்கைதான். ஆனால் பானைச் சோறு ஒரே நீரில், ஒரே தீயில் வெந்தது. தமிழ்க் கிராமம் அப்படி அமைந்ததில்லை. ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கும். கோயில் தெருவில் தொடங்கி வலப்பக்கமாக ஒவ்வொரு ஐந்தாவது வீட்டிலும் கேள் என்று கள ஆய்வாளருக்குச் சொன்னால், மாலைக்குள் எண்ணிக்கை முடிந்துவிடும். காலனி மாதிரிக்குள் வராமலே போகலாம். ஊர்ப் பெரியவரைப் பார்த்து அனுமதி பெற்று அவர் காட்டும் வீடுகளுக்குப் போகும் வழக்கமும் அதே சாய்வைத் தரும். தெருவாரியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மாதிரி எடுக்கும் அடுக்கு முறை இதற்குத் தீர்வு. அதற்கு ஊரின் வரைபடத்தை முதலில் முழுமையாக வரைய வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் விடுபடும் வேலையும் பெரும்பாலும் அதுதான்.

யாரைக் கேட்பது என்பது அடுத்த சிக்கல். வினாத்தாள் பெரும்பாலும் 'குடும்பத் தலைவர்' என்று தொடங்கும். எண்ணெய், சோப்பு, பிள்ளைகளின் தின்பண்டம் ஆகியவற்றை முடிவு செய்பவர் வேறு, பணம் தருபவர் வேறு, கடைக்குப் போய் வாங்குபவர் வேறு. மகளிர் சுயஉதவிக் குழுக்கடனில் வாங்கிய பொருளுக்கு அக்கடனை எடுத்தவரே விடை சொல்ல வேண்டியவர். கணவர் திண்ணையில் அமர்ந்து சொல்லும் பதிலும், அடுக்களையில் இருக்கும் மனைவி தனியாகச் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நினைவின் பிழை

சரியானவரைக் கேட்டாலும் அவர் நினைவிலிருந்துதான் சொல்கிறார். இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை இந்தியாவைப் போலக் கண்டறிந்த நாடுகள் குறைவு. கடந்த 30 நாளில் என்ன உண்டீர்கள், என்ன செலவு செய்தீர்கள் என்று கேட்பதா, கடந்த 7 நாளைக் கேட்பதா என்ற விவாதம் தேசிய மாதிரி ஆய்வின் தொடக்க ஆண்டுகளிலேயே இருந்தது. 1990களின் பிற்பகுதியில் இரண்டு முறைகளையும் தனித்தனிக் குடும்பங்களிடம் சோதித்தபோது, 7 நாள் கேள்வி கணிசமாக அதிக நுகர்வைக் காட்டியது. அதை அப்படியே ஏற்றால் வறுமை விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 1999–2000 சுற்றில் இரண்டு கேள்விகளும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்துக் கேட்கப்பட்டன. ஒரு விடை மற்றதைப் பாதித்தது என்ற விமர்சனம் எழுந்தது. ஆங்கஸ் டீட்டன் உள்ளிட்டோர் பங்கேற்ற வறுமை விவாதத்தின் மையமாக இருந்தது ஒரு வினாத்தாளின் கால வரம்பு.

2022–23 நுகர்வுச் செலவின ஆய்வு 2,61,746 குடும்பங்களைச் சந்தித்தது. பொருள்களை மூன்று வினாத்தாள்களாகப் பிரித்து, ஒரே குடும்பத்துக்கு மூன்று முறை சென்று கேட்டார்கள். கிராமப்புற இந்தியாவில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 3,773 ரூபாய் என்றும், நகர்ப்புறத்தில் 6,459 ரூபாய் என்றும் அது மதிப்பிட்டது. முந்தைய சுற்றுகளோடு இதை ஒப்பிடும்போது உயர்வில் எவ்வளவு உண்மையான வளர்ச்சி, எவ்வளவு கேட்கும் முறையின் மாற்றம் என்பது இன்னும் தீராத விவாதம். வணிக நிறுவனங்கள் இந்த எண்களை இரண்டாம் நிலைத் தரவாக எடுத்தாளும்போது அந்த எச்சரிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் நிலைப்பாடு: சொல்லாததைத் தேடுதல்

நேரடிக் கேள்விக்கு மக்கள் தங்களுக்குக் கௌரவமான விடையைத் தருவார்கள் என்பது இரண்டாம் நிலைப்பாட்டின் தொடக்கம். வியன்னாவிலிருந்து அமெரிக்கா சென்ற எர்னஸ்ட் டிக்டர் உளப்பகுப்பாய்வின் கருத்துகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ராபர்ட் மெர்ட்டனும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் 1940களில் வளர்த்த குவிமைய நேர்காணல் முறை பின்னாளில் குழு உரையாடல்களாகப் பரவியது.

இந்த மரபின் புகழ்பெற்ற ஆய்வு 1950இல் மேசன் ஹேர் வெளியிட்டது. அவர் இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்தார். ஒன்றில் உடனடிக் காப்பித்தூள், மற்றதில் வடித்துக் குடிக்கும் காப்பித்தூள். மற்றப் பொருள்கள் எல்லாம் ஒன்றே. பட்டியலை எழுதிய பெண் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். உடனடிக் காப்பிப் பட்டியலைப் பார்த்தவர்களில் 48 விழுக்காட்டினர் அவரைச் சோம்பேறி என்றனர். மற்றப் பட்டியலில் அப்படிச் சொன்னவர் 4 விழுக்காட்டினர். சுவை பிடிக்கவில்லை என்று நேரடியாகச் சொன்ன காரணத்துக்குப் பின்னால் இல்லத்தரசி பற்றிய ஒரு சமூக மதிப்பீடு இருந்தது. காலையில் டிகாக்‌ஷன் இறக்குவதை வீட்டுப் பெண்ணின் கைப்பக்குவமாகப் பார்த்துவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த முடிவு விளங்காததல்ல.

இம்முறையின் பலவீனமும் தெளிவானது. விளக்கம் ஆய்வாளரின் கையில் இருக்கிறது. ஒருவர் கண்டதை மற்றவர் காணாமல் போகலாம். ஹேரின் ஆய்வை 1970 வாக்கில் மறுபடி செய்தபோது அந்த 'சோம்பேறி' மதிப்பீடு கிட்டவில்லை. மனிதரின் நிலையான ஆழ்மனம் என்று கருதியது ஒரு தலைமுறையின் வழக்கமாகவே இருந்திருக்கலாம். கிராமத்தில் குழு உரையாடல் நடத்தும்போது இன்னொரு தடையும் வருகிறது. ஒரே பாயில் மாமியாரும் மருமகளும், நில உடைமையாளரும் அவரிடம் கூலிக்குப் போகிறவரும் அமர்ந்தால், சிலர் பேசுவார்கள், மற்றவர் தலையாட்டுவார்கள். குழுவை யார் யாரைக் கொண்டு அமைக்கிறோம் என்பதிலேயே விடையின் ஒரு பகுதி முடிவாகிவிடுகிறது.

மூன்றாம் நிலைப்பாடு: செய்வதைப் பார்த்தல்

பேச்சை நம்பாமல் செயலை நம்பு என்பது மூன்றாம் நிலைப்பாடு. பால் சாமுவேல்சன் 1938இல் முன்வைத்த 'வெளிப்பட்ட விருப்பம்' என்ற கோட்பாடு இதற்குப் பொருளியல் அடிப்படை தந்தது. நடைமுறையில் ஆர்தர் நீல்சனின் நிறுவனம் 1930களில் கடைத் தணிக்கையைப் பரப்பியது. தொடக்க இருப்போடு வாங்கிய சரக்கைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் விற்பனை கிடைத்துவிடும். வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை.

ஊர்ப் பெட்டிக்கடையில் இது எளிதல்ல. பில் இருக்காது, சரக்கு பல இடங்களிலிருந்து வரும், கணக்கு கடன் நோட்டில் ஆட்களின் பெயரில் இருக்கும். புதுச்சேரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்றியப் பிரதேசத்தின் ஊர்கள் தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. வரி வேறுபாட்டால் சில பொருள்களின் விலை எல்லைக்கு இருபுறமும் ஒன்றாக இருந்ததில்லை. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபின் பெரும்பாலான பொருள்களில் அது மறைந்தாலும் மதுவிலும் எரிபொருளிலும் தொடர்கிறது. ஒரு கடையின் விற்பனையை அவ்வூர் மக்களின் நுகர்வாக எடுத்துக்கொண்டால் கணக்கு வழுக்கும். விற்பனை என்பதும் நுகர்வு என்பதும் ஒன்றல்ல.

செயலை நம்பியோரின் சிறந்த எடுத்துக்காட்டு புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூரில் கிடைக்கிறது. பணக்காரர் பயன்படுத்துவதைக் கூலித் தொழிலாளியும் வாங்க முடியவேண்டும் என்று எண்ணிய சின்னி கிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் பொருள்களை அடைத்து விற்பதில் முன்னோடியாக இருந்தார். அவர் குடும்பத்தினர் 'வெல்வெட்' ஷாம்புவை அந்த வழியில் கொண்டுவந்தனர். மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் பிரிந்து 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். பின்னர் கெவின்கேர் ஆன நிறுவனம் அது. ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களுக்குத் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் என்ற திட்டம் வந்தது. முதலில் எந்த நிறுவனத்தின் பாக்கெட்டையும் ஏற்று, பிறகு சிக்கின் பாக்கெட்டை மட்டும் ஏற்றார்கள். இவை ஒவ்வொன்றும் களத்தில் நடந்த சோதனைகளே. விடை வினாத்தாளில் வராமல் விற்பனையில் வந்தது. நாட்கூலி பெறுபவர் நாட்கணக்கில் வாங்குகிறார் என்பது அதிலிருந்து உறுதிப்பட்டது.

கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத் 2004இல் வெளியிட்ட 'பிரமிடின் அடித்தளத்தில் செல்வம்' என்ற நூல் இந்த நம்பிக்கையை உலகக் கோட்பாடாக்கியது. அனில் கர்னானி 2007இல் அதை மறுத்தார். ஏழைகளின் சந்தை சொல்லப்படும் அளவுக்குப் பெரிதல்ல என்றும், அவர்களை வாங்குவோராகப் பார்ப்பதைவிட உற்பத்தியாளராகப் பார்த்து வருமானத்தைக் கூட்டுவதே தேவை என்றும் வாதிட்டார். முறையியல் நோக்கில் வேறொரு எச்சரிக்கையும் சேர்க்கலாம். வென்ற பாக்கெட்டின் கதை நூல்களில் ஏறுகிறது. அதே வழியில் முயன்று தோற்றவற்றின் கதை கிடைப்பதில்லை. வென்றவற்றை மட்டும் வைத்துப் பொது விதி கண்டால் அது நிற்குமா என்பது ஐயம்.

இன்று யுபிஐ பரிவர்த்தனைகளும் இணைய வணிகப் பதிவுகளும் செயலைப் பார்க்கும் வாய்ப்பைப் பெருக்கியிருக்கின்றன. ஆனால் அவை கைபேசியில் பணம் செலுத்துபவரைத்தான் காட்டும். ரொக்கத்தில் வாங்கும் முதியவரும், கணவரின் கைபேசியைச் சார்ந்திருக்கும் பெண்ணும் அதில் இல்லை. 1936இன் தொலைபேசிப் பட்டியல் செய்த தவறு புதிய வடிவில் திரும்பக்கூடும். ஒப்புதல் பற்றிய கேள்வியும் உண்டு: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது, எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது.

வகைப்படுத்தும் அளவுகோல்கள்

எந்த முறையில் திரட்டினாலும் மக்களை வகுப்புகளாகப் பிரித்தே முடிவு சொல்கிறார்கள். இந்தியாவில் தொழில்முறைச் சந்தை ஆய்வாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய சமூகப் பொருளாதாரப் பகுப்பு, நகரத்தில் குடும்பத்தின் முதன்மை வருவாயாளரின் கல்வியையும் தொழிலையும், கிராமத்தில் கல்வியையும் வீட்டின் வகையையும் கொண்டது. 2011இல் வந்த புதிய பகுப்பு கல்வியோடு, 11 உடைமைகளில் எத்தனை வீட்டில் உள்ளன என்று எண்ணியது. வண்ணத் தொலைக்காட்சியும் மடிக்கணினி உள்ளிட்ட கணினியும் அந்தப் பட்டியலில் உண்டு.

தமிழ்நாட்டில் 2006க்குப் பின் அரசு விலையில்லா வண்ணத் தொலைக்காட்சி வழங்கியது. 2011க்குப் பின் மாணவருக்கு மடிக்கணினி வழங்கியது. உடைமையை வாங்கும் திறனுக்கு அடையாளமாகக் கொண்ட அளவுகோல், இங்கே அரசின் கொடையையும் சேர்த்து எண்ணிவிட்டது. பிற மாநிலத்தில் செல்லுபடியான அளவுகோல் இங்கே பொருள் மாறுவதற்கு இது நல்ல சான்று. அதற்குப் பின் வந்த மாற்றுப் பகுப்பு உடைமைகளை விட்டு, முதன்மை வருவாயாளரின் தொழிலுக்கும், வீட்டில் மிக அதிகம் படித்த ஆண், பெண் ஆகியோரின் கல்விக்கும் இடம் தருகிறது. அது கிராமத்தில் எவ்வளவு பொருந்தும் என்பது இனிதான் தெரியவேண்டும்.

நான்காம் நிலைப்பாடு: சேர்ந்து கண்டறிதல்

ராபர்ட் சேம்பர்ஸ் முதலானோர் 1980களின் இறுதியிலிருந்து பரப்பிய பங்கேற்பு ஊரக மதிப்பீடு, கேள்வியையே மக்களிடமிருந்து பெற வேண்டும் என்கிறது. ஊர் வரைபடத்தைத் தரையில் ஊராரே வரைவர். பருவங்களையும் கடன் காலங்களையும் கூழாங்கல், விதைகளை வைத்து அவர்களே குறிப்பர். தென்னிந்தியா இதன் முக்கியக் களமாக இருந்தது. காந்திகிராமக் கிராமிய நிறுவனத்தின் ந. நாராயணசாமி இதைப் பற்றி விரிவான நூல் எழுதியிருக்கிறார்.

இம்முறைக்குச் செல்லிப்பட்டுக்கு மிக அருகிலேயே உள்ள சான்று வில்லியனூர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் ஆதரவோடு 1998இல் இங்கே தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் மையமாக இருக்க, எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் அறிவு மையங்கள் அமைந்தன. கணினி வைப்பதற்கு முன், மக்களுக்கு இப்போது தகவல் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார்கள். ஊர்க் கடைக்காரர், சந்தை, உரம் விற்பவர் ஆகியோரே முக்கிய வழிகள் என்று தெரிந்தது. எந்தத் தகவல் தேவை என்பதும் ஊருக்கு ஊர் மாறியது. வயல் ஊர்களில் இடுபொருள் விலையும் அரசுத் திட்ட விவரமும் கேட்டார்கள். மீனவர் வாழும் வீராம்பட்டினத்தில் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் சொல்வது பெரும் பயன் தந்தது. ஒரே வினாத்தாளோடு எல்லா ஊர்களுக்கும் போயிருந்தால் இந்த வேறுபாடு வெளிப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

இந்த நிலைப்பாட்டுக்கும் கண்டனம் உண்டு. பில் குக்கும் உமா கோத்தாரியும் 2001இல் தொகுத்த நூல், பங்கேற்பே புதிய கொடுங்கோன்மையாகலாம் என்று எச்சரித்தது. பொது இடத்தில் கூடிப் பேசும்போது ஊரில் வலியவரின் கருத்தே ஊரின் கருத்தாகப் பதிவாகும். இதுவரை காணாத பொருளைப் பற்றி மக்கள் தாமாகக் கேட்க முடியாது என்பதும் மறுக்கத்தக்கதல்ல. கைபேசி பரவியபின் அறிவு மையங்களின் தேவையே மாறியது. 1998இல் எவ்வளவு நன்றாகக் கேட்டிருந்தாலும் அது விடையில் வந்திருக்காது.

திரும்பி வருதலின் மதிப்பு

நான்கு நிலைப்பாடுகளும் பெரும்பாலும் ஒரு முறை வந்து போகும் ஆய்வுகளையே மனத்தில் கொண்டவை. இதற்கு மாற்றான மரபு புதுச்சேரிக்கு அருகிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு 1916இல் தொடங்கி, 1918இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராம ஆய்வுகளில் அன்றைய தென்னார்க்காட்டின் இருவேல்பட்டும் ஒன்று. 1930களில் அதை மறுபடி ஆய்ந்தார்கள். எஸ். குகனும் ஜோன் மென்சரும் 1980களின் தொடக்கத்திலும், ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் 2008லும் அதே ஊருக்குத் திரும்பினர். கூலி, நிலம், சாதி உறவுகள் எப்படி மாறின என்பதை ஒரே ஊரில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குத் தொடர்ந்து காண முடிகிறது. வாங்கும் பழக்கம் பற்றி இத்தகைய நீண்ட தொடர் ஆய்வு ஒரு தமிழ்க் கிராமத்திலாவது நடந்தால், நான்கு நிலைப்பாடுகளின் உரிமைகோரல்களையும் சோதிக்க அதுவே உறுதியான அடிப்படை தரும்.

முடிவாகச் சில மதிப்பீடுகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து ஓரளவு துணிந்து சொல்லக்கூடியவை சில. எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தற்செயல் மாதிரியைவிட நல்ல விடை இன்னும் இல்லை. ஏன் என்ற கேள்விக்கு அது போதாது. விலை, அளவு போன்ற மாற்றங்களின் விளைவை அறியக் களச் சோதனையே நம்பத் தகுந்தது. எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாத நிலையில் மக்களோடு சேர்ந்து தொடங்குவது வீண் செலவைக் குறைக்கும். ஆகவே முறைகளைப் போட்டியாளர்களாகப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு கேள்விக்கும் உரியதை வரிசைப்படுத்துவதே பயன்தரும்.

திறந்தே இருப்பவை மூன்று. கிராமத்தில் வாங்கும் முடிவின் அலகு தனிமனிதரா, குடும்பமா, தெருவா என்பதற்கு ஏற்கப்பட்ட விடை இல்லை. பொருளுக்குப் பின்னால் வரும் விளைவுகள், எடுத்துக்காட்டாகக் காலிப் பாக்கெட்டின் குப்பை, சந்தை ஆய்வின் வரம்புக்குள் வருமா என்பது பெரும்பாலும் கேட்கப்படாமலே இருக்கிறது. மூன்றாவது, கேள்வியை யார் வகுக்கிறார் என்பது. விற்பவர் வகுத்த கேள்விக்கு எவ்வளவு நுட்பமான மாதிரியை எடுத்தாலும் விற்பவரின் தேவைக்கான விடையே கிட்டும். விவரம் தந்த ஊருக்கு முடிவுகளைத் திருப்பிச் சொல்லி, அவர்களின் மறுப்பையும் அறிக்கையில் பதிவு செய்வது ஒரு சிறு தொடக்கமாகலாம். அது ஆய்வின் நேர்மைக்கு மட்டுமன்றி ஏற்புடைமைக்கும் உதவக்கூடும் என்று கருத இடமுண்டு. எந்த அளவுக்கு உதவும் என்பதை முறையாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.